சிறுநீரக நோய்க்கு மதுரைக்கு வருகிறவர்களுக்கு: எதற்கு வரவேண்டும், எதற்கு வரவேண்டாம்

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு வந்து நிற்கும் இராமநாதபுரம், தூத்துக்குடி பஸ்களிலிருந்து இறங்குபவர்களைக் கவனித்தால் ஸ்கேன் உறையைக் கையில் பிடித்தபடி வருகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆரப்பாளையத்தில் தேனி, கம்பம் பஸ்களிலும் அப்படித்தான். தென்மாவட்டங்களுக்கு மதுரைதான் பெரிய மருத்துவ ஊர். யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து விமானத்தில் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி வருகிறவர்களில் பலர் மதுரைக்கு வரத் தேவையில்லாத வேலைக்கு வாரம் மூன்று முறை வந்துபோகிறார்கள். வந்தே ஆகவேண்டிய வேலைக்கோ இரண்டு வருடம் தாமதமாக வருகிறார்கள். நோய் என்ன என்று கண்டுபிடிப்பது, சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் சதைப் பரிசோதனை, கையில் இரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை, சிறுநீரக மாற்று அறுவைக்கான ஆய்வு ஆகியவற்றுக்கு மதுரை வேண்டும். இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்து மாதக் கணக்கில் ஓடும் டயாலிசிஸுக்குப் பெரும்பாலும் வேண்டாம். செலவைக் குறைக்க நான் சொல்லும் வழிகள் எல்லாமே இந்தப் பிரிவினையிலிருந்து வருபவை.

முதலில்: அவசரமா, நாள்பட்டதா?

மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சிறுநீர் நின்றுபோய்விட்டது, மனம் குழம்பிப் பேசுகிறார், வலிப்பு வந்தது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நேரம் அதுவல்ல. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குப் பிறகு சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பது நம் பக்கத்தில் சாதாரணம். வயலில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்தத் திடீர்ச் செயலிழப்பில் சில டயாலிசிஸ்களுக்குப் பிறகு சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்புவது உண்டு. "டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் ஆயுள் முழுக்க விடாது" என்று சொந்தக்காரர் யாராவது பயமுறுத்துவார். அதைக் கேட்டு டயாலிசிஸை மறுத்து, மீண்டிருக்கக் கூடிய உயிரை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆயுள் முழுக்கத் தொடரவேண்டி வந்தால் அதற்குக் காரணம் நோய். இயந்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாள்பட்ட நோய் வேறு விதம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் முதன்மைக் காரணங்கள். வலி இருக்காது. கால் வீங்குவதற்குள் பாதி போயிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கோளாறு நீடித்தால்தான் அதை நாள்பட்டது என்பார்கள். ஆகவே ஒரே ஒரு இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள்.

கிளம்பும் முன்: உள்ளூரில் செய்ய வேண்டிய மூன்று பரிசோதனைகள்

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு மட்டும் போதாது. அதை வயது, பாலினத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு வரும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது காட்டும். 60-க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமும் இல்லையென்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. உடல் மெலிந்த பாட்டிக்குக் கிரியேட்டினின் 1.3 என்பது மோசமான அளவாகவும், உடல் கட்டுள்ள இளைஞருக்கு அதே 1.3 சாதாரணமாகவும் இருக்கலாம். கிரியேட்டினினை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

இரண்டாவது, சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். அல்புமின் ஒரு புரதம். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 300-க்கு மேல் போனால் சிறுநீரக மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் குச்சிப் பரிசோதனையாகவே பார்த்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மூன்றாவது, வயிற்று அல்ட்ராசவுண்ட். சிறுநீரகம் சுருங்கியிருந்தால் நோய் பழையது என்று பொருள். கல்லோ அடைப்போ இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த மூன்றும் கையில் இருந்தால் மதுரையில் முதல் சந்திப்பிலேயே வேலை நடக்கும். இல்லையென்றால் முதல் நாள் பரிசோதனைக்கே போய்விடும். இரவு லாட்ஜ் வாடகையும் சேரும்.

கோப்பில் இன்னொரு தாள் வையுங்கள்: சாப்பிடும் எல்லா மருந்துகளும். 'எல்லா' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கிய டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், வைத்தியர் கொடுத்த பஸ்பம், செந்தூரம், சந்தையில் வாங்கிய சிவப்பழகு கிரீம் எல்லாம் அதில் வரவேண்டும். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். பாதரசம் கலந்த கிரீமும் முறையாகத் தயாரிக்கப்படாத உலோக மருந்தும் சிறுநீரில் புரதம் போகச் செய்யும் என்பது தெரியாது. அதை நிறுத்தியதுமே குணமானவர்களும் உண்டு. மருத்துவர் திட்டுவார் என்று மறைத்தால் தேவையில்லாத மருந்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வீர்கள்.

காப்பீட்டு அட்டையைச் சொந்த மாவட்டத்திலேயே எடுத்துவிடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையும் இதில் அடங்கும். அரசு மருத்துவமனையில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தமிழ்நாட்டில் இதனோடு இணைத்தே நடத்தப்படுகிறது.

அட்டைக்கு ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். சான்று வாங்க ஒரு வாரம் இழுக்கலாம். நோயாளியை மதுரையில் சேர்த்துவிட்டு, ஒருவர் கட்டிலருகே உட்கார, இன்னொருவர் சான்றுக்காகச் சிவகங்கைக்கும் விருதுநகருக்கும் அலைவதை எந்த மருத்துவமனை வராந்தாவிலும் பார்க்கலாம். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே வந்த அன்றே அட்டை வேலையைத் தொடங்கிவிடுங்கள். உடனடித் தேவை இல்லாதபோது எடுத்த அட்டைதான் தேவைப்படும்போது கையில் இருக்கும்.

ஆனையூர் போன்ற மறுவாழ்வு முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. இது முகாமில் உள்ள பலருக்கே தெரியவில்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ., முன்னாள் படைவீரர் திட்டம், அரசு ஊழியர் காப்பீடு உள்ளவர்கள் அதன் வழியாகவே போகவேண்டும். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே தனியாருக்குப் போய்விட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

அட்டை இருந்தும் கூடுதல் பணம் கேட்டால் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800 425 3993-ல் கேளுங்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் நின்றுகொண்டே அழைப்பது நல்ல பலன் தரும்.

எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு?

கோரிப்பாளையம் அருகே பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையை மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. இங்கே சிறுநீரகவியல் தனித் துறையாக இருக்கிறது. மருந்து, பரிசோதனை, டயாலிசிஸ் எல்லாம் இலவசம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், கட்டில் கிடைப்பதில் சிரமம் உண்டு. ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் வரும் அனுபவம் வேறு எங்கும் வராது. வசதியுள்ளவர்கள்கூட சதைப் பரிசோதனை முடிவைப் பற்றி இரண்டாவது கருத்துக் கேட்க இங்கே வரலாம் என்பது என் எண்ணம். புறநோயாளிச் சீட்டு காலையில்தான். சிறுநீரகப் பிரிவு எந்தெந்த நாளில் என்பதை வருவதற்கு முன்பே விசாரியுங்கள்.

தனியாரில் மேலூர் சாலையிலுள்ள மீனாட்சி மிஷன், சுற்றுச்சாலைப் பக்கம் வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கே.கே. நகர்ப் பக்கம் அப்பல்லோ முதலிய பெரிய மருத்துவமனைகளில் சிறுநீரகப் பிரிவு உண்டு. நகருக்குள் சிறிய சிறுநீரக மையங்களும் பல. எது மலிவு என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கேட்கும் கேள்வியை வைத்துத்தான் தெரியும். அதற்குக் கீழே வருகிறேன்.

பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். கல், பிராஸ்டேட், சிறுநீர்ப் பாதை அடைப்பு ஆகியவற்றைப் பார்ப்பவர் யூராலஜி மருத்துவர். அவர் அறுவை நிபுணர். புரதம் போவது, கிரியேட்டினின் ஏறுவது, டயாலிசிஸ் ஆகியவற்றைப் பார்ப்பவர் நெஃப்ராலஜி மருத்துவர். பெயர்ப் பலகையில் 'கிட்னி ஸ்பெஷலிஸ்ட்' என்று மட்டும் இருந்தால் எது என்று வரவேற்பறையில் கேட்டுவிட்டுச் சீட்டுப் போடுங்கள்.

முதல் சந்திப்பில் கேட்கவேண்டியது

"எனக்கு என்ன காரணத்தால் சிறுநீரகம் கெட்டது?" இந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். சர்க்கரையா, அழுத்தமா, சிறுநீரக வடிகட்டியில் அழற்சியா, பரம்பரைக் கட்டிகளா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். காரணம் தெளிவாக இல்லாமல் புரதம் அதிகமாகப் போனால் சதைப் பரிசோதனை சொல்வார்கள். முதுகுப் பக்கம் ஊசியால் சிறு துணுக்கு எடுப்பது. பெரும்பாலும் ஒரு இரவு தங்கவேண்டி வரும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளில் எனக்குப் பொருந்துவது எது? இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகைகள் புரதம் போவதையும் குறைக்கின்றன. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முன்பு இவை விலை அதிகம். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்ததால் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலை வெகுவாக இறங்கிவிட்டது. மருந்துச் சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கு ஈடாக எந்தச் சலுகையும் வராது.

இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போய்விட்டால் மூன்றாவது கேள்வி: அடுத்து என்ன? அதைக் கேட்கப் பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் வந்து, கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸில் தொடங்குகிறார்கள். செலவும் ஆபத்தும் அதிகமான வழி அதுதான்.

ஃபிஸ்டுலா: முன்கூட்டியே செய்தால் மலிவு

கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவைதான் ஃபிஸ்டுலா. இணைத்த சிரை தடித்து ஊசி குத்தும் பதத்துக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால் டயாலிசிஸ் தேவைப்படும் முன்பே, மருத்துவர் சொல்லும் நேரத்தில், மதுரைக்கு வந்து செய்துகொண்டு போய்விட வேண்டும். கழுத்துக் குழாய் வழியாக இரத்தத்தில் கிருமி ஏறினால் வாரக் கணக்கில் படுக்கை, விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஃபிஸ்டுலா செலவை அந்த ஒரு காய்ச்சல் விழுங்கிவிடும்.

நான்காம் நிலைக்கு வந்ததுமே இடதுகைக்காரர் அல்லாதவர்கள் இடது கையைக் காப்பாற்றத் தொடங்க வேண்டும். அந்தக் கையில் இரத்தம் எடுக்க, குளுக்கோஸ் ஏற்ற, அழுத்தம் பார்க்க விடாதீர்கள். செவிலியர் கையை நீட்டச் சொன்னால் வலது கையை நீட்டுங்கள். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் கைக்கடிகாரம், இறுக்கமான வளையல், தலைக்கு அணையாகக் கையை மடக்கிப் படுப்பது எதுவும் கூடாது. தினமும் காலையில் தொட்டுப் பார்த்தால் அதிர்வு தெரியும். அதிர்வு நின்றிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது.

இதே சமயத்தில் மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியும் ஆரம்பித்துவிடுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இரட்டை அளவில், தொடக்கம், ஒன்று, இரண்டு, ஆறாம் மாதங்களில் என்று நான்கு முறை போடுவார்கள்.

டயாலிசிஸ்: வீட்டுக்கு அருகில்

வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாதத்துக்கு 13 முறை என்று கணக்கு. ஒரு முறைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 19,500. ஊசி, மாத்திரை, பரிசோதனை அதற்கு மேல். பரமக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்வரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம். கூட வருபவரின் கூலி போகும். பஸ்ஸில் நிற்க முடியாமல் டாக்ஸி பிடித்தால் அது தனி. டயாலிசிஸ் கட்டணத்தைவிடப் பயணச் செலவு அதிகமாகி, வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படிக் குறைக்கும்போதுதான் நீர் ஏறி நெஞ்சு அடைக்கிறது.

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம். தேனி, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் ஐந்து மாவட்டங்களிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி மூன்றும் 2022-ல் திறக்கப்பட்டவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் பிரிவு உண்டு. மதுரையில் ஆரம்பித்துக் கொடுத்த மருத்துவரிடமே, "எங்கள் ஊருக்கு அருகில் எங்கே தொடரலாம்?" என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் உலர் எடை (மிகை நீர் இல்லாத உடல் எடை), இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் அளவு, எந்த வகை டயாலைசர் (இரத்தத்தை வடிகட்டும் குழல்), ஒவ்வாமை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருக்க வேண்டும். வைரஸ் பரிசோதனை புதிதாக இல்லையென்றால் எந்த மையமும் சேர்க்காது.

புதிய மையத்தில் போய்க் கேட்க வேண்டியவை: மஞ்சள் காமாலை பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் இருக்கிறதா? டயாலைசரைத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா, அதில் என் பெயர் எழுதியிருக்குமா? நீர் சுத்திகரிப்பை எப்போது பரிசோதித்தீர்கள்? சிறுநீரக மருத்துவர் எந்த நாளில் வருவார்? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம்மூரில் அதைப் போதிய அளவு சொல்வதில்லை. வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, திரவப் பையை ஏற்றி இறக்கி வீட்டிலேயே செய்வது. தினம் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். சுத்தமான ஒரு மூலையும், கை கழுவும் ஒழுங்கும், கற்றுக்கொள்ள ஒரு வாரமும் வேண்டும். மலைக்கிராமத்தில் இருப்பவர்கள், கடை நடத்துபவர்கள், இதயம் பலவீனமானவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இது நல்ல வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். போடிமெட்டுக்குக் கீழே இருக்கும் ஒருவர் வாரம் மூன்று நாள் மலை இறங்கி ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். பை மாற்றும்போது வெளியேறும் திரவம் கலங்கினாலோ வயிறு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு: டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்கு ஏ.சி. முதலியவற்றில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்றை முன்பதிவு மையத்தில் காட்ட வேண்டும். போடி, இராமேசுவரம், செங்கோட்டைப் பாதைகளில் வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்காமல் விடுவது வீண்.

மாற்று அறுவை: சட்டம் தெரியாமல் இறங்காதீர்கள்

தகுதியுள்ளவர்களுக்கு டயாலிசிஸைவிட மாற்றுச் சிறுநீரகமே நீண்ட ஆயுளும் நல்ல வாழ்வும் தருகிறது. வீட்டில் தருபவர் தயாராக இருந்தால் டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பேகூடச் செய்யலாம். அந்த எண்ணம் இருப்பவர்கள் இரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை இரத்தம் ஏற்றும்போதும் உடலில் எதிர்ப்பொருட்கள் கூடலாம். பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். இரத்தசோகைக்கு இரும்பும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இருக்கின்றன.

1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர் நெருங்கிய உறவினர். மற்றவர்கள் பாசத்தால் தருவதாக இருந்தால் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். மைத்துனர், மாமா, சித்தப்பா மகன் ஆகியோர் நம் வழக்கில் எவ்வளவு நெருக்கமானாலும் சட்டத்தில் நெருங்கிய உறவினர் ஆகமாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாப் பரிசோதனையும் முடித்த பிறகு குழுவின் முன் மாதக் கணக்கில் நிற்பவர்கள் உண்டு.

பணம் கொடுத்து வாங்குவது குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் பெற்ற விவகாரம் வெளிவந்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக்கு உத்தரவிட்டது. மருத்துவமனை வாசல் டீக்கடையில் "ஆள் இருக்கிறது, ஏற்பாடு செய்கிறேன்" என்று யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தருபவர் ஏழை, ஏமாற்றப்படுகிறவர் அவர்தான், மாட்டிக்கொள்கிறவர் நீங்கள்.

வீட்டில் தருபவர் இல்லையென்றால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியல். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2008-ல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. உறுப்பு மாற்று உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பதிவு செய்ய முடியும். இரத்தப் பிரிவுவாரியாக வரிசை. பதிவு செய்துவிட்டுத் தூங்கிவிடக் கூடாது: தொலைபேசி எண் மாறினால் சொல்ல வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வரவேண்டும், நள்ளிரவில் அழைத்தால் மதுரைக்கு வந்து சேரும் வழி தயாராக இருக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படுகிறது. அதன் பிறகு கிராமங்களிலும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

செலவு கேட்கும்போது 'பேக்கேஜ் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். தருபவரின் பரிசோதனை அதில் அடங்குமா, பொருத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தால் யார் கட்டுவது, உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமலிருக்கத் தொடக்கத்தில் போடும் எதிர்ப்புத் தணிப்பு ஊசி சேர்த்தா, உடல் ஏற்காமல் போனால் செய்யும் சிகிச்சை தனியா என்று எழுதி வாங்குங்கள். அறுவைக்குப் பிறகு டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என்ற எதிர்ப்புத் தணிப்பு மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். டாக்ரோலிமஸ் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் செலவு உண்டு. அறுவைக்குப் பணம் திரட்டிவிட்டு மாத்திரைக்குத் திரட்டாமல், இரண்டாம் வருடம் மாத்திரையைக் குறைத்துச் சாப்பிட்டுச் சிறுநீரகத்தை இழப்பது கொடுமை. இந்த மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெறும் வழியை அறுவைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். காப்பீட்டுக்கு மேல் தேவைப்பட்டால் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் கடிதத்துடன் விண்ணப்பிக்கலாம். அறுவைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு

அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கம் விவசாயிகளிடையே சர்க்கரையோ அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் கெடும் நோய் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பரவியிருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு மதுரையில் தமிழிலேயே மருத்துவரிடம் பேசலாம் என்பது பெரிய வசதி. நோயைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை மொழியில் இருக்கிறது.

சுற்றுலா விசாவில் வராதீர்கள். மருத்துவ விசாவும் துணைக்கு வருகிறவருக்கு உதவியாளர் விசாவும் எடுங்கள். மருத்துவமனையின் அழைப்புக் கடிதத்தை முன்பே வாங்குங்கள். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் விமானம் ஏறுவது நல்லது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் மழைக்காலத்தில் நின்றுபோகும், அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். மாற்று அறுவைக்கு வருகிறவர்கள் தருபவரையும் கூட்டி வரவேண்டும். நெருங்கிய உறவினரல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் தர சட்டம் அனுமதிப்பதில்லை. உறவுக்குத் தூதரகச் சான்றும் அங்கீகாரக் குழுவின் அனுமதியும் வேண்டும். மூளைச்சாவுப் பட்டியலிலும் இந்தியர்களுக்கே முன்னுரிமை. இதற்கு மாறாக யாராவது உறுதி தந்தால் அவரை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

தங்கும் நாட்களில் சாப்பாடு, வெயில், திருவிழா

மதுரைச் சாப்பாடு உப்பும் காரமும் நிறைந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சால்னா நான்கையும் நிறுத்தினாலே பாதி உப்பு குறையும். இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். முற்றிய சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. வெயிலுக்கு நல்லது என்று இளநீர் கொடுப்பார்கள். பொட்டாசியம் ஏறியவர்களுக்கு அதுவும் ஆகாது. ஜிகர்தண்டா ஒரு டம்ளர் குடித்தால் அன்றைய நீர்க் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பாலில் உள்ள பாஸ்பரஸ் வேறு. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். லாட்ஜில் தங்குபவர்களால் இது முடியாது. பத்து நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் சமையல் வசதியுள்ள அறையை மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். ஓட்டல் செலவிலும் ஆட்டோச் செலவிலும் வாடகை ஈடாகிவிடும்.

தண்ணீர் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆரம்ப நிலை நோயாளி சித்திரை வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம் இன்னும் கெடும். டயாலிசிஸில் இருப்பவர் அதே வெயிலில் தாராளமாகக் குடித்தால் நுரையீரலில் நீர் கோக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்ன அளவைக் கேட்டு நீங்கள் பின்பற்றாதீர்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டிக் கோரிப்பாளையம், தல்லாகுளம், வைகைப் பாலங்கள் பக்கம் வண்டி நகராது. பெரியாஸ்பத்திரி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த வாரத்தில் புறநோயாளிச் சந்திப்பு வைத்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸ் இருந்தால் மையத்தில் பேசி ஒரு நாள் முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாவிட்டால் முந்தைய இரவே மருத்துவமனை இருக்கும் கரைக்கு வந்து தங்கிவிடுங்கள்.